புதுமுக ரைடர் தேறுவாரா? எக்செல்லில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. சினிமா பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, குடும்பப் போட்டோக்களையெல்லாம் ஒரு போல்டரில் போட்டு வைத்தாயிற்று. எக்செல் என்று ஒரு புரோகிராம் இருக்கிறதே, அது அலுவலகத்தில் சம்பளக் கணக்கு எழுதுபவர்களுக்குத்தானே என்று பலர் அதைத் திறப்பதே இல்லை. நமக்குப் பிடித்த விஷயத்தை வைத்துப் படித்தால் எக்செல் ஒரே மாலையில் பழகிவிடும். எனக்குப் பிடித்த விஷயம் கபடி. ஆகவே இந்தப் பாடம் கபடியை வைத்து.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாக் ஜலசந்திக் கரையில் இருக்கிறது. வேலை சென்னையில், மென்பொருள் துறையில். ஊர் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து புரோ கபடி லீக் நடக்கும் மாதங்களில் கற்பனை அணி விளையாட்டு ஒன்று ஆடுகிறோம். ஆளுக்கு 100 புள்ளி பட்ஜெட். அதற்குள் ஏழு நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்து நம் அணி என்று எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் பாயிண்ட்கள் நம் கணக்கில் சேரும். அவ்வளவுதான் விளையாட்டு. இதில் பணம் கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கற்பனை அணிப் போட்டிகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. பெரிய நிறுவனங்களும் அந்த மாதமே பணப் போட்டிகளை நிறுத்தின. எனவே யாராவது லிங்க் அனுப்பி 'ஐம்பது ரூபாய் கட்டு' என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்த விளையாட்டின் மூலம் அமெரிக்கா. 1962ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் என்ற அணியின் பங்குதாரர்களில் ஒருவரான விங்கன்பாக் என்பவரும் நண்பர்களும் அமெரிக்கக் கால்பந்தை வைத்து இதை உருவாக்கினார்கள். அணியின் பெயரில் ரைடர்ஸ் இருப்பது தற்செயல்தான்! அங்கே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிரணிக்குள் பாய்ந்து ஓடுபவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். முதல் வருடம் ஆட வரும் ரன்னிங் பேக்கை எடுக்கலாமா, வேண்டாமா என்பதுதான் அங்குள்ளவர்களுக்கு ஒவ்வொரு சீசனிலும் தலைவலி. நமக்கும் அதே தலைவலி உண்டு. மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு ஏழு பேருக்குள் தனியாகப் போகிறாரே, அந்தப் புதுமுக ரைடர்.

தெரிந்த மூத்த ரைடரை எடுக்க எங்கள் ஏலத்தில் 20 புள்ளியாவது ஆகும். புதுமுகம் 5, 6 புள்ளிக்கே கிடைப்பார். தேறிவிட்டால் லாபம். தேறாவிட்டால் சீசன் முழுக்க அந்த இடம் வீண். எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எதைப் பார்க்கக் கூடாது?

மொத்தப் பாயிண்ட்டை மட்டும் பார்க்கக் கூடாது. பர்தீப் நர்வால் 2015ல் பெங்களூரு புல்ஸ் அணியில் அறிமுகமானார். அந்த சீசனில் 6 ஆட்டங்களில் 9 ரைடு பாயிண்ட். ஆட்டத்துக்கு ஒன்றரை. அந்த எண்ணைப் பார்த்து யார் எடுப்பார்கள்? அடுத்த சீசன் 2016ல் பாட்னா பைரேட்ஸுக்குப் போனார். 16 ஆட்டங்களில் 116 ரைடு பாயிண்ட். 2017ல் 26 ஆட்டங்களில் 369. லீக்கின் வரலாற்றிலேயே ஒரு சீசனில் அதிக ரைடு பாயிண்ட் எடுத்தவர் என்று பெயர் வாங்கிய சீசன் அது. ஆள் ஒருவர்தான். மாறியது அணியும், அவருக்குக் கொடுத்த இடமும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் இரண்டு ஆட்டத்தில் கலக்கிவிட்டு, பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் புதுமுகங்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறோம். இரண்டு ஆட்டத்தை வைத்து ஒருவரைத் தூக்கி வைப்பதும் தவறு, தூக்கி எறிவதும் தவறு. இதை எக்செல்லுக்குப் புரிய வைப்பதுதான் நம் வேலை.

ஷீட்டைத் தயார் செய்வோம்

எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுங்கள். எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை அதன் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள கால்க் என்ற புரோகிராம் இதே வேலையைச் செய்யும், மெனுக்கள் மட்டும் இடம் மாறி இருக்கும். திரையின் மேலே நெட்டுவரிசைகளுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர் இருக்கும். அவற்றை ஏ, பி, சி என்று இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். இடது ஓரம் உள்ள எண்கள் படுக்கை வரிசைகள். பி நெட்டுவரிசையும் 2ம் படுக்கை வரிசையும் சந்திக்கும் கட்டம் பி2 செல்.

முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1ல் பெயர், பி1ல் ஆட்டங்கள், சி1ல் ரைடுகள், டி1ல் அந்த ஆட்டங்களில் அணியின் மொத்த ரைடுகள், இ1ல் ரைடு பாயிண்ட், எஃப்1ல் டூ ஆர் டை ரைடுகள். ஒரு செல்லில் டைப் செய்து டேப் கீயைத் தட்டினால் கர்சர் வலப்பக்கம் அடுத்த செல்லுக்குப் போய்விடும், மவுஸைத் தொட வேண்டாம். பிறகு வியூ டேப்பில் ஃப்ரீஸ் பேன்ஸ் சென்று ஃப்ரீஸ் டாப் ரோ என்பதைக் கிளிக் செய்திடுங்கள். நூறு வீரர்களை எழுதிக் கீழே போனாலும் தலைப்பு மறையாமல் நிற்கும்.

எண்களை எங்கே எடுப்பது? லீக்கின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஆட்டவாரியாகவும் வீரர்வாரியாகவும் புள்ளிவிவரம் உண்டு. அங்கிருந்து காப்பி செய்து ஒட்டும்போது ஒரு சிக்கல் வரும். சில நேரம் எண்கள் எண்ணாக வராமல் எழுத்தாக வந்து உட்கார்ந்துகொள்ளும். செல்லில் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது எழுத்து. வலது ஓரமாக இருந்தால் எண். எழுத்தாக வந்தவற்றைக் கூட்டச் சொன்னால் எக்செல் பேசாமல் விட்டுவிடும், கூட்டுத்தொகை தவறாக வரும். பழகும் வரை கையாலேயே டைப் செய்வது நல்லது.

பயிற்சிக்கு நான்கு வரிகள் தருகிறேன். இவை நிஜ வீரர்களின் எண்கள் அல்ல, பாடத்துக்காக நான் போட்டவை. கடற்கரை ஊர்க்காரன் என்பதால் மீன் பெயர்களே வைத்துவிட்டேன். வரிசை: ஆட்டங்கள், ரைடுகள், அணியின் ரைடுகள், ரைடு பாயிண்ட், டூ ஆர் டை.

சீலா (புதுமுகம்): 2, 12, 84, 10, 2
பாறை (புதுமுகம்): 6, 96, 252, 52, 20
வஞ்சிரம் (மூத்தவர்): 6, 108, 252, 65, 15
வாவல் (மூத்தவர்): 6, 84, 252, 38, 40

நால்வரும் நான்கு வெவ்வேறு அணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பு எவ்வளவு?

ஜி1ல் 'ஆட்டத்துக்கு ரைடு' என்று தலைப்பு கொடுங்கள். ஜி2 செல்லில் சமக்குறி (=) டைப் செய்யுங்கள். இந்தக் குறி இல்லையென்றால் எக்செல் கணக்குப் போடாது. நீங்கள் ஏதோ எழுதி வைக்கிறீர்கள் என்றே நினைக்கும். அடுத்து செல் பெயரை டைப் செய்யத் தேவையில்லை. மவுஸால் சி2 செல்லில் கிளிக் செய்யுங்கள், வகுத்தல் குறி (/) தட்டுங்கள், பி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 6 என்று விடை கிடைக்கும். பெயருக்கு எதிரே ஆட்டங்கள் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் விடைக்குப் பதில் பிழைச் செய்தி வரும். பயப்பட வேண்டாம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்கிறது.

இப்போது ஜி2 செல்லை மீண்டும் தேர்வு செய்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தின் மேல் கர்சரைக் கொண்டு போங்கள். கர்சர் கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அப்படியே பிடித்து ஐந்தாம் வரி வரை இழுத்து விடுங்கள். நால்வருக்கும் விடை வந்துவிடும்: 6, 16, 18, 14. எக்செல்லில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இந்த இழுப்புதான்.

ஹெச்1ல் 'அணியில் பங்கு'. ஹெச்2ல் சி2ஐ டி2ஆல் வகுத்துக் கீழே இழுங்கள். ஹோம் டேப்பில் உள்ள சதவீதக் குறியைக் கிளிக் செய்தால் 14%, 38%, 43%, 33% என்று மாறும்.

இந்த சதவீதம்தான் என் பார்வையில் இந்த ஷீட்டிலேயே முக்கியமான எண். காரணம் இது. ஒரு கபடி ஆட்டம் 40 நிமிடம், அதாவது 2,400 விநாடி. ஒரு ரைடுக்கு அதிகபட்சம் 30 விநாடி. எனவே இரு அணிக்கும் சேர்த்து 80 ரைடு, சீக்கிரம் திரும்பிவிட்டால் அதைவிடச் சற்று அதிகம். ஓர் அணிக்கு சுமார் நாற்பது. இந்த நாற்பதைத்தான் இரண்டு மூன்று ரைடர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் ஆட்டத்துக்கு ஆறு ரைடு போகிறவர் பத்துப் பாயிண்ட் எடுப்பது குதிரைக் கொம்பு. மேலும், யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் தினமும் பயிற்சியில் அந்த வீரரைப் பார்க்கும் கோச். அவர் ஒரு புதுமுகத்துக்கு அணியின் ரைடுகளில் 38 சதவீதம் கொடுக்கிறார் என்றால், டிவியில் பார்க்கும் நமக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம். ஏலத்தில் அணி கொடுத்த விலையும் ஓரளவு இதையே சொல்லும். பெரிய விலை கொடுத்தவரை யாரும் பெஞ்சில் உட்கார வைக்க விரும்பமாட்டார்கள். ஆனால் விலை சீசனுக்கு முன்னால் சொல்வது. ரைடு எண்ணிக்கை ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாகச் சொல்வது.

திறமை எவ்வளவு?

ஐ1ல் 'ரைடுக்குப் பாயிண்ட்'. ஐ2ல் இ2ஐ சி2ஆல் வகுத்துக் கீழே இழுங்கள். 0.83, 0.54, 0.60, 0.45. தசம இடங்கள் நீளமாக வந்தால் ஹோம் டேப்பில் அவற்றைக் குறைக்கும் பட்டன் உண்டு.

ஆகா, சீலாதான் முதலிடம்! மூத்தவர் வஞ்சிரத்தையே மிஞ்சிவிட்டார். உடனே எடுத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அவர் போனது 12 ரைடுதான். அதில் ஒரே ஒரு ரைடில் எதிரணி தடுமாறி மூன்று பேர் தொட்டு வந்திருந்தால்கூட இந்த எண் இப்படித் தாவியிருக்கும். வஞ்சிரத்தின் 0.60 என்பது 108 ரைடுகளின் சாட்சி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இதற்குப் புள்ளியியலில் ஒரு பழைய வழி இருக்கிறது. பெயர் பெரிதாக இருக்கும், விஷயம் சிறியது. எல்லாரும் 50 ரைடு சராசரியாக ஆடியிருப்பதாகக் கற்பனை செய்து, அதை அவரவர் சொந்தக் கணக்கோடு கூட்டிவிடுவது. குறைவாக ஆடியவரின் எண் சராசரியை நோக்கி இழுக்கப்படும். நிறைய ஆடியவரின் எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

செய்து பார்ப்போம். சி8 செல்லைத் தேர்வு செய்து ஹோம் டேப்பில் ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். சி2 முதல் சி5 வரை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து என்டர் தட்டுங்கள். 300 வரும். இதேபோல் இ8ல் இ2 முதல் இ5 வரை. 165 வரும். இப்போது வலப்பக்கம் தள்ளி என்1 செல்லில் சமக்குறி போட்டு, இ8ஐ சி8ஆல் வகுங்கள். 0.55. நம் ஷீட்டில் உள்ள எல்லாரின் சராசரி இது. என்2 செல்லில் 50 என்று டைப் செய்யுங்கள்.

ஜே1ல் 'சீர்செய்த விகிதம்'. ஜே2ல் கொஞ்சம் பெரிய பார்முலா. பொறுமையாகச் செய்யுங்கள். சமக்குறி, அடைப்புக்குறி திறந்து, இ2வில் கிளிக். கூட்டல் குறி தட்டி என்1ல் கிளிக் செய்து, உடனே கீபோர்டின் மேல் வரிசையில் உள்ள எஃப்4 கீயைத் தட்டுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி (*). என்2ல் கிளிக் செய்து மீண்டும் எஃப்4. அடைப்புக்குறியை மூடி, வகுத்தல் குறி. மறுபடி அடைப்பு திறந்து சி2, கூட்டல், என்2, எஃப்4, மூடி, என்டர். பார்முலா இப்படித் தெரிய வேண்டும்:

=(இ2+$என்$1*$என்$2)/(சி2+$என்$2)

எஃப்4 எதற்கு? கீழே இழுக்கும்போது எக்செல் ஒவ்வொரு வரிக்கும் செல் பெயர்களைத் தானே ஒன்று கூட்டிக்கொள்ளும். இ2 என்பது இ3, இ4 ஆகும். அது நமக்கு வேண்டியதுதான். ஆனால் என்1ம் சேர்ந்து என்2, என்3 என்று நகர்ந்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும். டாலர் குறி போட்டால் அந்த செல் ஆணி அடித்த மாதிரி நிற்கும். சில லேப்டாப்களில் எஃப்4 தட்டினால் ஒலி குறையும், வெளிச்சம் மாறும். அப்போது எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்கள்.

கீழே இழுத்தால் 0.60, 0.54, 0.59, 0.49 கிடைக்கும். சீலாவின் 0.83 சட்டென்று 0.60க்கு இறங்கிவிட்டது பாருங்கள். வஞ்சிரத்தின் எண் கடுகளவுதான் நகர்ந்தது. 50 என்பது வேதவாக்கு அல்ல. ஒரு முக்கிய ரைடரின் மூன்று ஆட்ட அளவு என்று நான் வைத்துக்கொண்டது. என்2 செல்லில் 30 போட்டும் 100 போட்டும் பாருங்கள். எல்லா விடைகளும் அந்த நொடியே மாறும். காகிதத்தில் இதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நாளை என்ன ஆகும்?

கே1ல் 'இனி போகும் ரைடு', எல்1ல் 'எதிர்பார்ப்பு' என்று எழுதுங்கள். கே நெட்டுவரிசையில் பார்முலா வேண்டாம். ஜி நெட்டுவரிசையில் வந்த 6, 16, 18, 14 என்பதையே டைப் செய்யுங்கள். எல்2ல் ஜே2ஐயும் கே2ஐயும் பெருக்கிக் கீழே இழுங்கள். ஆட்டத்துக்கு எத்தனைப் பாயிண்ட் எதிர்பார்க்கலாம் என்பது வந்துவிடும். வஞ்சிரம் 10.54, பாறை 8.71, வாவல் 6.84, சீலா 3.63.

20 புள்ளி கொடுத்து எடுக்கும் வஞ்சிரத்துக்கும் 6 புள்ளிக்குக் கிடைக்கும் பாறைக்கும் ஆட்டத்துக்கு இரண்டு பாயிண்ட்கூட வித்தியாசம் இல்லை. பாறையை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் நல்ல டிஃபெண்டராகப் பார்ப்பேன்.

இப்போது கே2ல் உள்ள 6ஐ அழித்துவிட்டு 15 என்று டைப் செய்யுங்கள். சீலாவின் எதிர்பார்ப்பு 9.07க்குத் தாவி, பாறையை முந்திவிடும். சீலா மாறவில்லை, வாய்ப்பு மாறியது. அவருடைய அணியின் முதல் ரைடருக்குக் காயம் என்று செய்தி வந்தால் நடப்பது இதுதான்.

இது வெறும் கற்பனையல்ல. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. லீக்கில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. அந்த அக்டோபரில் அணியின் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயம்பட்டு வெளியேறினார், அந்த சீசனே அவருக்கு முடிந்தது. ரைடுகளை யாராவது சுமக்க வேண்டும். சுமந்தவர் லீக்குக்கே புதியவரான நரேந்தர். 23 ஆட்டங்களில் 243 ரைடு பாயிண்ட். அறிமுக சீசனில் அவ்வளவு எடுத்தவர் அதற்கு முன் இல்லை. 2018ல் சித்தார்த் தேசாய் எடுத்திருந்த 218தான் அதுவரை உச்சம். தலைவாஸும் அந்த சீசனில் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனார்கள். பவன் காயமடைந்த இரவே நரேந்தருக்கு எதிரே கே நெட்டுவரிசையில் எண்ணை மாற்றிப் பார்த்தவர் மறுநாள் டீக்கடையில் ராஜா!

டூ ஆர் டை என்ற பொறி

எஃப் நெட்டுவரிசையை இதுவரை தொடவில்லை. அது தனிக் கதை. தொடர்ந்து இரண்டு ரைடு பாயிண்ட் எதுவும் இல்லாமல் போனால் மூன்றாவது ரைடு டூ ஆர் டை. அதில் சும்மா திரும்பி வர முடியாது. பாயிண்ட் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட். பல அணிகளில் முக்கிய ரைடர் ஆபத்தில்லாமல் தொட்டுவிட்டு வந்துவிடுவார், மூன்றாவது ரைடுக்கு வேறொருவரைத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்படுபவர் அதிகம் அவுட் ஆவார். அவுட் ஆனால் அணி பாயிண்ட் எடுத்து மீட்கும் வரை வெளியே. எனவே ரைடும் குறையும். வாவலின் 84ல் 40 இப்படிப்பட்டவை. அவரை வஞ்சிரத்தோடு ஒப்பிடுவது, பழைய பாக்கியை வசூலிக்கப் போகிறவரையும் கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்குகிறவரையும் ஒப்பிடுவது மாதிரி.

எங்கள் பக்கத்தில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு வேலைக்குப் போகிற பையன்கள் ஊரில் இருப்பார்கள். அப்படி ஒரு தடைக்காலத்தில் நடந்த மின்னொளிப் போட்டியில் எங்கள் அணியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் முதன்முதலாக ஆடினான். இரண்டு ஆட்டம், 11 ரைடு, 4 பாயிண்ட், 7 தடவை அவுட். "போறான், மாட்டிக்கிறான். இதே வேலையா இருக்கான். அடுத்த போட்டிக்கு இவன் வேணாம்" என்றார் அணியைக் கவனித்துக்கொள்ளும் மாமா. கேட்டவர்களும் தலையாட்டினார்கள். பையன் மாவட்ட அணித் தேர்வுக்குப் போக ஆசைப்படுகிறவன். ஊர் அணியிலேயே இல்லாதவனை அங்கே யார் அழைக்கப் போகிறார்கள்?

செல்போனில் எடுத்திருந்த வீடியோவை கம்ப்யூட்டரில் போட்டு ரைடு ரைடாக எண்ணி ஒரு ஷீட்டில் எழுதினேன். பையன் போன 11ல் 8 டூ ஆர் டை. அவன் அவுட் ஆன 7ல் 6 அதில் வந்தவை. சாதாரண ரைடு கிடைத்தது மூன்றே மூன்று. அதில் 2 பாயிண்ட், ஒரு அவுட். பெரியவர்கள் இருவரும் பத்திரமாகப் போய் வந்துவிட்டு, கழுத்தில் கத்தி இருக்கும் ரைடுக்கு மட்டும் பையனை அனுப்பியிருக்கிறார்கள். திட்டம் போட்டுச் செய்ததல்ல, வழக்கமாக நடப்பதுதான்.

மாமாவிடம் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இவன் நல்லா ஆடுறான்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுதா தம்பி?" என்றார்.

"அப்படிச் சொல்லல மாமா. மூணு ரைடை வச்சு நல்லா ஆடுறான்னும் சொல்ல முடியாது, ஆடலன்னும் சொல்ல முடியாது. இன்னும் பாக்கவே இல்லைன்னு சொல்லுது."

அடுத்த போட்டியில் அவனை முதல் ரைடுக்கே அனுப்பினார்கள். இரண்டு ஆட்டத்தில் 22 ரைடு, 12 பாயிண்ட். நல்ல எண்தான். ஆனாலும் மொத்தம் 33 ரைடுதானே, என் ஷீட்டில் அவன் எண் இன்னும் சராசரியை ஒட்டியே நிற்கிறது. நிற்கட்டும். அணியில் இருக்கிறான், தேர்வு வரும்போது போவான்.

நீங்களும் எஃப் நெட்டுவரிசையை சி நெட்டுவரிசையால் வகுத்து ஒரு சதவீதம் போட்டு வையுங்கள். நால்வரில் வாவலுக்கு மட்டும் 48% வரும். அப்படிப் பெரிய சதவீதம் வரும் புதுமுகத்தை மற்றவர்களோடு ஒப்பிடாமல், டூ ஆர் டை ரைடுகளில் மட்டும் எத்தனைக்கு எத்தனை என்று தனியாகப் பாருங்கள்.

இரண்டாம் பாதி, இரண்டாம் வருடம்

புதுமுகத்துக்கு ஒரு சாதகம், அவரை யாருக்கும் தெரியாது. போனஸுக்கு எந்தக் காலை நீட்டுவார், எந்தப் பக்கம் திரும்புவார் என்று டிஃபெண்டர்கள் கணிக்க முடியாது. பத்து ஆட்டம் முடிவதற்குள் எதிரணிகள் வீடியோ பார்த்துப் பாடம் படித்துவிடும். அதனால் ஒருவருக்கே இரண்டு வரி கொடுங்கள்: 'பாறை முதல் 6', 'பாறை அடுத்த 6'. ரைடு எண்ணிக்கை குறையாமல் ரைடுக்குப் பாயிண்ட் மட்டும் இறங்கினால், எதிரணிகள் படித்துவிட்டன என்று அர்த்தம். கோச் இன்னும் நம்புகிறார், கொஞ்சம் பொறுக்கலாம். இரண்டும் சேர்ந்து இறங்கினால் வேறு ஆள் தேடுங்கள்.

வருடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 2018ல் டபாங் டெல்லியில் 18 வயதில் வந்த நவீன் குமார் 22 ஆட்டங்களில் 172 ரைடு பாயிண்ட் எடுத்தார். அடுத்த வருடம் 23 ஆட்டங்களில் 301. அதே 2018ல் யு மும்பாவுக்கு 21 ஆட்டங்களில் 218 எடுத்த சித்தார்த் தேசாய், 2019ல் 1 கோடியே 45 லட்சத்துக்கு தெலுகு டைட்டன்ஸ் போய் 22 ஆட்டங்களில் 217. முதல் வருடத்தை மட்டும் பார்த்திருந்தால் தேசாயைத்தான் எல்லாரும் எடுத்திருப்போம். நவீனுக்கு வயது 18 என்பதை ஷீட்டில் ஒரு நெட்டுவரிசையாக வைத்திருந்தவர் மட்டும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். எனவே வயதுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

வரிசைப்படுத்தும்போது கவனம்

யார் முதலிடம் என்று பார்க்க எல் நெட்டுவரிசையை மட்டும் தேர்வு செய்து சார்ட் கொடுத்தால், பெயர்களும் மற்ற நெட்டுவரிசைகளும் அதோடு சேர்ந்து இடம் மாறாது, சரியான வரிசை கிடைக்காது. எக்செல் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். அதில் எக்ஸ்பேண்ட் த செலக்ஷன் என்பதையே தேர்ந்தெடுங்கள். இன்னும் பத்திரமான வழி, ஏ1 முதல் எல்5 வரை முழுவதையும் தேர்வு செய்துகொண்டு, டேட்டா டேப்பில் சார்ட் கிளிக் செய்து, எதிர்பார்ப்பு என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, லார்ஜஸ்ட் டு ஸ்மாலஸ்ட் கொடுப்பது. கூட்டுத்தொகை உள்ள 8ம் வரியைத் தேர்வில் சேர்க்காதீர்கள். அதற்காகத்தான் இரண்டு வரி இடைவெளி விட்டு வைத்தோம். ஏதாவது தவறாகிவிட்டால் கண்ட்ரோல் கீயோடு இசட் தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஐந்தாவது வீரரைச் சேர்க்கும்போது கடைசி வரிக்குக் கீழே எழுதாமல், நடுவில் ஒரு வரியின் எண் மேல் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் கொடுத்து எழுதுங்கள். 8ம் வரியில் உள்ள கூட்டல் தானாக விரிந்துகொள்ளும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பழைய எண்ணின் மேல் எழுதாமல், ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் கொடுத்து அன்றைய தேதியைப் பெயரோடு சேர்த்து சேமித்து வையுங்கள். முதல் 6, அடுத்த 6 என்று பிரிக்கும்போது பழைய பைல்கள் தேவைப்படும்.